டிபெண்ட்ஸ் ஆன், இஸ் டிபெண்ட் ஆன், இஸ் டிபெண்டிங் ஆன்: எது சரி?

நூல்கண்டு (திருப்பூர்):

எல்லோருக்கும் வணக்கம். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு வாங்கும் பையருக்குப் போகும் மெயில்களை ஒரு தடவை நான் படித்த பிறகுதான் பிள்ளைகள் அனுப்புவார்கள். ஷிப்மென்ட் தேதி பற்றிய ஒரே விஷயத்தை ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொண்டு வருகிறார்கள்:

"ஷிப்மென்ட் டேட் இஸ் டிபெண்ட் ஆன் லேப் டிப் அப்ரூவல்."
"ஷிப்மென்ட் டேட் இஸ் டிபெண்ட்ஸ் ஆன் லேப் டிப் அப்ரூவல்."
"ஷிப்மென்ட் டேட் இஸ் டிபெண்டிங் ஆன் லேப் டிப் அப்ரூவல்."
"ஷிப்மென்ட் டேட் இஸ் டிபெண்டென்ட் ஆன் லேப் டிப் அப்ரூவல்."
"ஷிப்மென்ட் டேட் டிபெண்ட்ஸ் அப்பான் லேப் டிப் அப்ரூவல்."

தொழில் தெரியாதவர்களுக்கு: மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன்னால், சின்னத் துண்டில் நிறம் ஏற்றி பையருக்கு அனுப்புவோம். அதுதான் லேப் டிப். அவர் சரி என்றால்தான் டையிங்குக்குத் துணி போகும்.

இதை வைத்து ஆபீஸில் பெரிய பஞ்சாயத்து. 'இஸ்' இல்லாவிட்டால் வாக்கியம் மொட்டையாக இருக்கிறது என்று ஒரு கட்சி. 'எஸ்' போட்டாலே போதும் என்று இன்னொரு கட்சி. எது சரி என்பதைவிட, ஏன் சரி என்று பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொன்னால் நல்லது.

தேர்வுப்புலி:

ரொம்ப சிம்பிள். வங்கித் தேர்வில் "பிழையைக் கண்டுபிடி" பகுதியில் அடிக்கடி வருகிற ஐட்டம். எழுவாய் ஒருமை, அதனால் "டிபெண்ட்ஸ் ஆன்". முதல் இரண்டும் தப்பு. மூன்றாவதும் தப்பு, ஏனென்றால் டிபெண்ட் ஒரு ஸ்டேட்டிவ் வெர்ப், அதாவது செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினை, அதில் ஐஎன்ஜி வரவே வராது. நாலாவது சரி, அது பெயரடை. ஐந்தாவதும் சரி. இழையை மூடிவிடலாம்.

வாத்தியார் கும்பகோணம்:

தம்பி அதற்குள் மூடச் சொல்லிவிட்டார். விடை சரிதான். ஆனால் நூல்கண்டு கேட்டது ஏன் என்று.

பள்ளியில் ஆங்கிலம் நடத்திய காலம் முழுக்க இந்த "இஸ் டிபெண்ட்" விடைத்தாளில் வந்துகொண்டே இருந்தது. மட்டமான மாணவர்கள் மட்டும் எழுதுவது என்று நினைக்காதீர்கள், நன்றாகப் படிக்கிறவர்களும் எழுதுவார்கள். காரணம் நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. "அது மழையைப் பொறுத்து இருக்கு" என்கிறோம். கடைசியில் ஒரு 'இருக்கு' நிற்கிறது பாருங்கள், அதுதான் ஆங்கிலத்துக்குப் போகும்போது 'இஸ்' ஆகிவிடுகிறது. பொறுத்து என்பது டிபெண்ட், இருக்கு என்பது இஸ், ஆக "இட் இஸ் டிபெண்ட்". கணக்கு நேராகத்தான் இருக்கிறது, ஆங்கிலம்தான் ஒத்துக்கொள்வதில்லை.

ஆங்கிலத்தில் டிபெண்ட் முழு வினைச்சொல். கோ, கம் எப்படித் தனியாக நிற்கிறதோ அப்படி நிற்கும். "ஹீ இஸ் கோ" என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் "அவன் போகிறான்" என்பதில் நம் காதில் 'இருக்கு' கேட்பதில்லை. டிபெண்டில் மட்டும் கேட்கிறது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. வாக்கியத்தைக் கேள்வியாக்கச் சொல்லுங்கள். "டஸ் த டேட் டிபெண்ட் ஆன் த அப்ரூவல்?" என்று 'டஸ்' வருகிறது. மறுத்துச் சொல்லும்போது "இட் டஸ் நாட் டிபெண்ட்" என்று வருகிறது. 'டஸ்' வருகிற இடத்தில் 'இஸ்' முளைக்க வழியில்லை. உங்கள் "மொட்டை" கட்சிக்காரரைக் கேள்வி கேட்க வையுங்கள், அவரே திருத்திக்கொள்வார்.

இன்னொரு காரணமும் உண்டு. "இஸ் டிபெண்டென்ட் ஆன்" என்பது சரியான பிரயோகம். அதை வேகமாகச் சொல்லும்போது நடுவிலுள்ள 'டென்ட்' காதில் சரியாக விழாது. "இஸ் டிபெண்ட் ஆன்" என்றே கேட்கும். காதால் கற்றவர்கள் அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

நூல்கண்டு:

ஐயா, அருமை. 'இருக்கு' விஷயம் சட்டென்று பிடிபட்டது. அப்படியானால் நாலாவதும் ஐந்தாவதும் இரண்டுமே சரி என்றால், மெயிலில் எதைப் போடச் சொல்வது?

வாத்தியார் கும்பகோணம்:

"டிபெண்ட்ஸ் ஆன்" போடுங்கள். "இஸ் டிபெண்டென்ட் ஆன்" கொஞ்சம் விறைப்பு. ஒப்பந்தத்துக்கும் அறிக்கைக்கும் ஒத்துவரும். 'அப்பான்' என்பதும் அதே வகை, பொருளில் வித்தியாசம் கிடையாது. நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் அதன் மீது ஒரு தனிப் பிரியம். பழைய பாணி, அவ்வளவுதான்.

சொல்லேர்:

வணக்கம். மொழிபெயர்ப்புதான் எனக்குத் தொழில். தேர்வுப்புலி தம்பி "ஐஎன்ஜி வரவே வராது" என்று சொன்னது எனக்கு உறுத்துகிறது. வரும். எப்போது வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது, தமிழ் தெரிந்தவருக்கு அது சுலபமாகவே புரியும்.

டிபெண்ட் என்கிற ஒரே சொல்லுக்குத் தமிழில் நாம் இரண்டு வேறு சொற்கள் வைத்திருக்கிறோம். ஒன்று 'பொறுத்து'. இன்னொன்று 'நம்பி'.

"விலை நூல் ரேட்டைப் பொறுத்தது." இதில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஒன்று மாறினால் இன்னொன்று மாறும், அவ்வளவுதான். இங்கே ஐஎன்ஜி கிடையாது. "த ப்ரைஸ் டிபெண்ட்ஸ் ஆன் த யார்ன் ரேட்." விலை உட்கார்ந்து எதையும் செய்துகொண்டிருக்கவில்லை.

"உங்களை நம்பித்தான் இருக்கேன், ஏமாத்திடாதீங்க." இது ஒரு ஆள் இன்னொரு ஆள் மீது, இந்த நேரத்தில், எதிர்பார்ப்பு வைத்திருப்பது. இங்கே "ஐ ஆம் டிபெண்டிங் ஆன் யூ" என்று ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தாராளமாகச் சொல்கிறார்கள். உங்கள் தொழிலிலேயே உதாரணம் சொல்கிறேன்: "வெள்ளிக்கிழமை கப்பலை நம்பித்தான் இருக்கிறோம்" என்றால் "வீ ஆர் டிபெண்டிங் ஆன் த ஃப்ரைடே வெசல்." இது முற்றிலும் சரி.

ஆக, சந்தேகம் வந்தால் 'நம்பி' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ஐஎன்ஜி போடலாம். "ஷிப்மென்ட் தேதி லேப் டிப்பை நம்பி இருக்கிறது" என்று தமிழில் சொன்னால் சிரிப்பு வருகிறதல்லவா? அப்படியானால் ஆங்கிலத்திலும் போடாதீர்கள்.

தேர்வுப்புலி:

அக்கா, மன்னிக்கணும். கோச்சிங் நோட்ஸில் ஸ்டேட்டிவ் வெர்ப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது. பிலாங், ஓன், நோ, டிபெண்ட். எல்லாம் ஐஎன்ஜி ஏற்காதவை. தேர்வில் "ஆம் டிபெண்டிங்" வந்தால் நான் பிழை என்றுதான் டிக் செய்வேன்.

சொல்லேர்:

தம்பி, தேர்வில் கேட்கிறவர் எழுவாயாக ஒரு பொருளையோ நிலைமையையோ வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிழை என்று டிக் செய்யுங்கள். "த ரிசல்ட் இஸ் டிபெண்டிங்" பிழையேதான். எழுவாய் மனிதராக இருந்து, பின்னால் 'ஆன் யூ', 'ஆன் ஹிம்' என்று வந்தால் ஒரு நொடி நிதானியுங்கள். பட்டியலில் இருக்கிற சொல்லெல்லாம் எல்லாப் பொருளிலும் ஸ்டேட்டிவ் என்று அர்த்தமில்லை. 'ஹேவ்' அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது, ஆனால் "வீ ஆர் ஹேவிங் லஞ்ச்" என்று நீங்களே சொல்வீர்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு நிலைமை வரவர மாறிக்கொண்டு வருகிறது என்று சொல்லும்போதும் ஐஎன்ஜி வரும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019-ஆம் வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "த சிட்டி வாஸ் டிபெண்டிங் மோர் அண்ட் மோர் ஆன் டேங்கர்ஸ்" என்று எழுதலாம். 'மோர் அண்ட் மோர்' இருப்பதால் அது நிற்கிறது. சாதாரணமாகச் சொல்வதானால் "த சிட்டி டிபெண்டட் ஆன் டேங்கர்ஸ்."

தேர்வுப்புலி:

சரி அக்கா, 'ஹேவிங் லஞ்ச்' என்று சொல்லி மடக்கிவிட்டீர்கள். பொருள் என்றால் பிழை, ஆள் என்றால் நிதானம். குறித்துக்கொண்டேன்.

லாசப்பல்காரன் (பாரிஸ்):

வணக்கம். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமாக இங்கே. எங்கட பக்கத்துப் பாடப்புத்தகங்களில் 'பொறுத்தது' என்பதைவிட 'தங்கியுள்ளது' என்றுதான் வரும். "விளைச்சல் மழையில் தங்கியுள்ளது." இந்தியத் தம்பிமாருக்கு இது லாட்ஜில் தங்குகிற மாதிரிக் கேட்கும் என்று தெரியும். ஆனால் பாருங்கோ, எங்கட சொல்லில் 'மழையில்' என்று வருகிறது. உங்கட சொல்லில் 'மழையைப் பொறுத்து', அதாவது ஐ உருபு. என்ர அபிப்பிராயம், உங்கட ஆட்கள் சிலர் 'ஆன்' போட மறப்பதற்கு அந்த 'ஐ' ஒரு காரணமாக இருக்கலாம். 'பையரைப் பொறுத்து' என்றதும் "டிபெண்ட்ஸ் த பையர்" என்று கை தானாகவே எழுதிவிடும்.

இங்கே பிரச்சினை வேறு மாதிரி. மகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கிறா. ஆங்கிலக் கட்டுரையில் "இட் டிபெண்ட்ஸ் ஆஃப்" என்று எழுதிக்கொண்டு வாறா. பிரெஞ்சில் "தெபாந்த்ர் து" என்றுதான் வரும், அந்த 'து' ஆங்கில 'ஆஃப்' மாதிரி. ஸ்பானிஷ்காரரும் அதே மாதிரி 'டெ' போடுவினம். ஜெர்மன்காரர் 'ஃபொன்' என்று போடுவதால் அவையளுக்கு 'ஃப்ரம்' வந்துவிடும். ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டு உருபைத் தூக்கிக்கொண்டுதான் ஆங்கிலத்துக்குள்ளே வாறம்.

வாத்தியார் கும்பகோணம்:

பாரிஸ் நண்பர் சொன்னதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. இந்தச் சொல்லின் மூலம் லத்தீன். 'தெ' என்றால் கீழே, 'பெந்தேரே' என்றால் தொங்குவது. ஒன்றிலிருந்து இன்னொன்று தொங்குகிறது என்பதுதான் ஆதிப் பொருள். அதனால் பிரெஞ்சும் ஸ்பானிஷும் சொல்கிற மாதிரி 'இலிருந்து' என்பதுதான் மூலத்துக்கு நெருக்கம். ஆங்கிலம்தான் 'மேல்' என்று தனி வழி போயிருக்கிறது.

அதே 'பெந்தேரே' குடும்பத்திலிருந்துதான் நம் அரசு அலுவலகங்களின் செல்லச் சொல்லான 'பெண்டிங்' வந்தது. நகைக்கடையில் நாம் டாலர் என்று சொல்லும் பெண்டன்ட்டும், கடிகாரத்துப் பெண்டுலமும், வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆவதும் அதே குடும்பம்தான். எல்லாம் தொங்கல் கேஸ்.

கோடுகாரன்:

:) பைல் பெண்டிங், ஆள் சஸ்பெண்ட். ஐயா போட்டாரே ஒரு போடு.

எங்கள் மென்பொருள் பக்கம் டிபெண்டன்சி என்ற சொல் இல்லாமல் ஒரு நாளும் போகாது. நாம் எழுதும் நிரல் வேறு யாரோ எழுதிய நிரலை நம்பி ஓடும். அந்த வேறு நிரல்தான் டிபெண்டன்சி. புதிதாகச் சேருகிறவர்கள் திசையை மாற்றிச் சொல்லிவிடுவார்கள். "ஏ டிபெண்ட்ஸ் ஆன் பி" என்றால் பி இல்லாமல் ஏ ஓடாது. டிபெண்டன்சி என்பது பி. பலர் ஏ-வை டிபெண்டன்சி என்கிறார்கள்.

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை எழுதியவர், நிரல் பொதிகளைப் பகிர்ந்துகொள்ளும் என்பிஎம் தளத்திலிருந்து அதை நீக்கிவிட்டார். மொத்தம் 11 வரி நிரல். ஒரு சொல்லின் இடப்பக்கம் இடைவெளியோ பூஜ்யமோ நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. ஆனால் பேபல் போன்ற பெரிய கருவிகளே அதை நம்பி இருந்ததால், உலகம் முழுக்க பில்ட் (நிரல்களைச் சேர்த்து ஓடத் தயாராக்கும் வேலை) எல்லாம் படுத்துவிட்டது. "தௌசண்ட்ஸ் ஆஃப் ப்ராஜெக்ட்ஸ் டிபெண்டட் ஆன் இட்." கடைசியில் என்பிஎம் அந்தப் பொதியைத் திரும்ப ஏற்ற வேண்டி வந்தது.

தேர்வுப்புலி:

11 வரி எழுதத் தெரியாமலா மற்றவன் எழுதியதை எடுத்துப் போட்டார்கள்? நீங்கள் எல்லாம் எதற்கு சம்பளம் வாங்குகிறீர்கள்?

கோடுகாரன்:

தம்பி, நீ தேர்வு பாஸ் பண்ணி வங்கிக்குப் போ. சர்வர் டவுன் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது உனக்கே புரியும்.

நெறியாளர்:

இருவரும் தலைப்புக்குத் திரும்பவும். சம்பள விவாதத்துக்கு வேலைவாய்ப்புப் பகுதி இருக்கிறது.

நூல்கண்டு:

இன்னும் கொஞ்சம் மெயில் வாக்கியங்களை எடுத்து வந்திருக்கிறேன். பெயர் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம்.

"இட் டிபெண்ட்ஸ் ஆன் வென் வில் த பையர் அப்ரூவ்."
"பேஸ்டு ஆன் த கலர், டையிங் வில் டேக் 2 டு 4 டேஸ்."
"டிபெண்டிங் ஆன் அஸ், திஸ் ப்ரைஸ் இஸ் வெரி லோ."
"இட் இஸ் டிபெண்ட்ஸ் ஆன் யூ, ப்ளீஸ் சூஸ் எனி கலர்."

மூன்றாவதைப் படித்துவிட்டு பையரே என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதியிருந்தார்.

சொல்லேர்:

மூன்றாவதிலிருந்து வருகிறேன், அதுதான் தமிழனுக்கே உரிய தப்பு. "எங்களைப் பொறுத்தவரை இந்த விலை ரொம்பக் குறைவு" என்று சொல்ல நினைத்திருக்கிறார். 'பொறுத்து' வேறு, 'பொறுத்தவரை' வேறு. ஒரே வேர் என்பதால் இரண்டுக்கும் டிபெண்டைப் போட்டுவிட்டார். 'பொறுத்தவரை' என்பது நம் கருத்து இது, நம் பக்கத்து நிலைமை இது என்று சொல்வது. அதற்கும் டிபெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. "ஃபார் அஸ், திஸ் ப்ரைஸ் இஸ் வெரி லோ" என்று எழுதினால் போதும். "ஆஸ் ஃபார் ஆஸ் வீ ஆர் கன்சர்ன்டு" என்று நீட்டவும் செய்யலாம், ஆனால் விலை பேசும் இடத்தில் அது கொஞ்சம் முறைத்துக்கொள்கிற தொனியில் கேட்கும்.

நாலாவதில் 'இஸ்' பிரச்சினையை ஐயா தீர்த்துவிட்டார். அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் சரியில்லை. "உங்களைப் பொறுத்தது" என்று நாம் இரண்டு அர்த்தத்தில் சொல்கிறோம். நீ படிக்கிற படிப்பைப் பொறுத்துத்தான் மார்க் என்பது ஒன்று. எந்த நிறம் வேண்டும் என்பது உங்கள் இஷ்டம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு "இட் டிபெண்ட்ஸ் ஆன் யூ". இரண்டாவதற்கு "இட் இஸ் அப் டு யூ". பையரிடம் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது "டிபெண்ட்ஸ் ஆன் யூ" என்றால், ஏதோ பொறுப்பை அவர் தலையில் கட்டுகிற மாதிரி இருக்கிறது.

முதல் வாக்கியத்தை வாத்தியார் ஐயா எடுத்துக்கொள்ளட்டும். கேள்விச் சொல் சமாச்சாரம், நடத்தி நடத்திப் பழகியவர்.

வாத்தியார் கும்பகோணம்:

எடுத்துக்கொள்கிறேன் அம்மா. "வென் வில் த பையர் அப்ரூவ்?" என்பது நேர்க்கேள்வி. அது ஒரு பெரிய வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் கேள்வி வரிசையை விட்டுவிட வேண்டும். "இட் டிபெண்ட்ஸ் ஆன் வென் த பையர் அப்ரூவ்ஸ்." 'வில்'லும் வேண்டாம். டிபெண்டுக்குப் பின்னால் ஹௌ, வென், வாட், வேர் எது வந்தாலும் இதுதான் நடை. "இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹௌ மச் இஸ் த காஸ்ட்" தப்பு, "ஹௌ மச் த காஸ்ட் இஸ்" சரி. இந்த ஒரு பிழையைத் திருத்தினாலே உங்கள் மெயில்களின் தரம் ஒரு படி ஏறிவிடும் என்பேன். 'இஸ் டிபெண்ட்' பிழை கண்ணில் குத்தும், யாராவது திருத்திவிடுவார்கள். இது சத்தமில்லாமல் மேனேஜர் மெயிலிலும் உட்கார்ந்திருக்கும்.

பேச்சில் இந்தக் கேள்விச் சொற்களுக்கு முன்னால் 'ஆன்' விழுந்துபோவதும் உண்டு. "இட் டிபெண்ட்ஸ் ஹௌ மச் யூ வான்ட்" என்று அவர்களே பேசுவார்கள். பேச்சுக்குச் சரி, மெயிலில் 'ஆன்' இருக்கட்டும். ஆனால் பின்னால் சாதாரணப் பெயர்ச்சொல் வந்தால் பேச்சிலும் 'ஆன்' விடக்கூடாது. "டிபெண்ட்ஸ் த பையர்" எங்கேயும் செல்லாது.

'ஆமா-இல்லையா' வகைக்கு 'வெதர்' போடுங்கள், 'இஃப்' வேண்டாம். "இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் த யார்ன் அரைவ்ஸ் ஆன் டைம்." இங்கே மழை வெயில் 'வெதர்' இல்லை, டபிள்யூ-எச் போட்டு ஆரம்பிக்கிற 'வெதர்'. பிள்ளைகள் இரண்டையும் குழப்பி எழுதி வானிலை அறிக்கை ஆக்கிவிடப் போகிறார்கள்.

லாசப்பல்காரன் (பாரிஸ்):

வாத்தியார், கேள்வி கேட்கும்போது 'ஆன்' எங்கே போகும்? மகள் "வாட் டஸ் இட் டிபெண்ட்?" என்று எழுதினா, நான் ஏதோ குறைகிறது என்றேன். அவ ஒத்துக்கொள்ளவில்லை.

வாத்தியார் கும்பகோணம்:

நீங்கள் சொன்னதுதான் சரி. "வாட் டஸ் இட் டிபெண்ட் ஆன்?" கடைசியில் வந்து நிற்கும். வாக்கியம் முன்னிடைச்சொல்லில் முடியக்கூடாது என்று பழைய இலக்கணக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். "ஆன் வாட் டஸ் இட் டிபெண்ட்?" என்பதும் இலக்கணப்படி சரிதான், ஆனால் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

தேர்வுப்புலி:

நூல்கண்டு அண்ணனின் இரண்டாவது வாக்கியத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். "பேஸ்டு ஆன் த கலர்". இதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள்.

சொல்லேர்:

இந்திய ஆங்கிலத்தில் இது எங்கேயும் கேட்கிறது. பையருக்குப் புரியவும் செய்யும். ஆனாலும் "டிபெண்டிங் ஆன் த கலர், டையிங் டேக்ஸ் 2 டு 4 டேஸ்" என்பதுதான் இயல்பு. கறுப்புக்கு ஒரு கால அளவு, வெளிர் நிறத்துக்கு வேறு கால அளவு, நிறத்துக்கு ஏற்ப நாள் மாறும். அந்த 'ஏற்ப' என்ற பொருளுக்கு டிபெண்டிங் ஆன். 'பேஸ்டு ஆன்' என்பது ஒன்றை அடிப்படையாக வைத்து நாம் முடிவு எடுத்ததைச் சொல்வது. "வீ ஃபிக்ஸ்டு த ப்ரைஸ் பேஸ்டு ஆன் டுடேஸ் யார்ன் ரேட்." விலையை யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்தார்கள், அதனால் பேஸ்டு.

கவனியுங்கள், இந்த டிபெண்டிங்கில் ஐஎன்ஜி இருக்கிறதே என்று தேர்வுப்புலி மறுபடி வரக்கூடாது. இது வினைமுற்று இல்லை, 'ஏற்ப' என்பது மாதிரி ஒரு இணைப்புச் சொல்.

தேர்வுப்புலி:

வரமாட்டேன் அக்கா. ஆனால் வேறு ஒரு சந்தேகத்தோடு வருவேன். 'இண்டிபெண்டென்ட்' பின்னால் ஆஃப் வருமா, ஃப்ரம் வருமா? 'டிபெண்டென்ட் ஆன்' என்பதால் 'இண்டிபெண்டென்ட் ஆன்' என்று ஒரு மாதிரித் தேர்வில் தெரிவு கொடுத்திருந்தார்கள்.

வாத்தியார் கும்பகோணம்:

'ஆன்' கிடையவே கிடையாது. பெயரடையாக வரும்போது பொதுவாக 'ஆஃப்'. "த டூ ஈவன்ட்ஸ் ஆர் இண்டிபெண்டென்ட் ஆஃப் ஈச் அதர்", கணக்குப் புத்தகத்தில் சாரா நிகழ்ச்சிகள் என்று வருகிறதே, அது. பெயர்ச்சொல் 'இண்டிபெண்டென்ஸ்' என்றால் 'ஃப்ரம்'. 1947-இல் நாம் வாங்கியது "இண்டிபெண்டென்ஸ் ஃப்ரம் பிரிட்டன்". ஒரு நாடு பிரிந்து வந்ததைச் சொல்லும்போது "இண்டிபெண்டென்ட் ஃப்ரம்" என்றும் எழுதுகிறார்கள், அது தப்பில்லை. தேர்வுக்கு ஆஃப்.

கோடுகாரன்:

ஐயா, ஒரு எழுத்துப் பிழை விஷயம். மனைவிக்கு டிபெண்டென்ட் விசா விண்ணப்பித்தபோது லண்டன் நண்பர் கடைசியில் 'ஏ, என், டி' என்று எழுதச் சொன்னார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி 'இ, என், டி' என்கிறான். யாரை நம்புவது?

சொல்லேர்:

இரண்டு பேரையும் நம்பலாம், அவரவர் நாட்டில். பிரிட்டனில் ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லுக்கு 'ஏ' வரும், "சார்ந்திருக்கிற" என்ற பெயரடைக்கு 'இ' வரும். அமெரிக்காவில் இரண்டுக்குமே 'இ'தான். நம் ஊர்ப் படிவங்களில் இரண்டும் கலந்து கிடக்கும். படிவத்தில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே நீங்களும் எழுதிவிடுங்கள். 'இண்டிபெண்டென்ட்'டில் மட்டும் எந்த நாட்டிலும் 'ஏ' வராது.

கோடுகாரன்:

நன்றி அக்கா. அப்படியே, டிபெண்டென்ஸ், டிபெண்டன்சி இரண்டும் ஒன்றா?

சொல்லேர்:

ஒரு நிலைமையைச் சொல்ல டிபெண்டென்ஸ். நாட்டின் எண்ணெய் இறக்குமதிச் சார்பு மாதிரி, "டிபெண்டென்ஸ் ஆன் இம்போர்ட்டட் ஆயில்". டிபெண்டன்சியையும் அந்தப் பொருளில் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் எண்ணிச் சொல்லக்கூடிய ஒன்றுக்கு அது. உங்கள் நிரல் பொதிகள் அந்த வகை. ஆட்சிப் பகுதிகளுக்கும் வரும்: ஜெர்சி, கெர்ன்சி, மேன் தீவு மூன்றையும் பிரிட்டிஷ்காரர்கள் "கிரவுன் டிபெண்டன்சிஸ்" என்கிறார்கள். அவை ஐக்கிய இராச்சியத்தின் பகுதியும் இல்லை, தனி நாடும் இல்லை.

நூல்கண்டு:

நெறியாளர் அனுமதித்தால் இந்த இழையை அச்சடித்து ஆபீஸ் போர்டில் ஒட்டலாம் என்றிருக்கிறேன். சம்பளச் சண்டையை வெட்டிவிட்டு.

கடைசியாக ஒன்று. நல்ல வேலைக்காரப் பெண் ஒருத்தி இருக்கிறாள், சொன்ன நேரத்துக்குச் சாம்பிள் போய்விடும். அவளைப் பற்றி பையருக்கு அறிமுக மெயில் எழுத வேண்டும். "யூ கேன் டிபெண்ட் ஆன் ஹெர் ஃபார் சென்டிங் சாம்பிள்ஸ் ஆன் டைம்" சரியா?

வாத்தியார் கும்பகோணம்:

'ஃபார் சென்டிங்' வேண்டாம். "யூ கேன் டிபெண்ட் ஆன் ஹெர் டு சென்ட் த சாம்பிள்ஸ் ஆன் டைம்." ஒருவர் ஒரு வேலையைச் செய்வார் என்று நம்பும்போது 'டு'. ஒரு பொருளுக்காக ஒருவரை நம்பி இருந்தால்தான் 'ஃபார்': "வீ டிபெண்ட் ஆன் தட் மில் ஃபார் யார்ன்."

தேர்வுப்புலி:

'ரிலை ஆன்' போட்டால்?

வாத்தியார் கும்பகோணம்:

தாராளமாகப் போடலாம். 'நம்பி' என்கிற பொருளில் இரண்டும் இடம் மாறும். ஆனால் "இட் ரிலைஸ் ஆன் த வெதர்" என்று எழுதிவிடாதே, 'பொறுத்து' என்ற பொருளில் ரிலை வராது. "ரிலைஸ்" எழுதும்போது 'ஒய்' போய் 'ஐ, இ, எஸ்' வரும், அதையும் பார்த்துக்கொள்.